இன்குபேட்டர் வாங்க நினைக்கும் மகளிர் குழுக்களுக்கு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மகளிர் சுய உதவிக் குழுச் சகோதரிகளுக்கு இதை எழுதுகிறேன்.

வீட்டில் வைத்துக் கோழிமுட்டை பொரிக்கும் இன்குபேட்டர் இன்று எட்டாத பொருள் இல்லை. தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்று சாமான் சேர்த்துச் சொந்தமாகச் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். முட்டையைத் தானே திருப்பிவிடும் பெட்டிகளும் கடைக்கு வந்துவிட்டன. அதனால் குழுக்கடன் பேச்சு எழும்போது கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் என்ற வழக்கமான பட்டியலில் இதுவும் சேர்ந்துகொள்கிறது. ஆளுக்கொன்று வாங்கினால் வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பொரிப்பகம் ஆகிவிடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. இன்குபேட்டர் வாங்குங்கள், ஆனால் ஆளுக்கொன்று வேண்டாம். குழுவுக்கு ஒன்று போதும். அதையும் வருடம் முழுக்க ஓட்டாமல், குஞ்சுகளை வளர்க்கவும் தடுப்பூசி போடவும் ஏற்பாடு செய்த பிறகு, நாள் பார்த்து ஓட்டுங்கள். நாட்டுக்கோழியில் பணம் நிற்பதும் போவதும் பொரிக்கிற 21 நாளில் இல்லை, அதற்குப் பிறகு வரும் எட்டு வாரத்தில்தான் இருக்கிறது.

முதலில் இன்குபேட்டருக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுவிடைக் கோழி ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். பிறகு அடைக்கு உட்கார்ந்து 21 நாள். பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்வது கிட்டத்தட்ட இரண்டு மாதம். அவற்றைக் கொத்தி விரட்டிய பிறகுதான் மறுபடி முட்டைக்கு வரும். இந்தக் கணக்கில் வருடத்துக்கு மூன்று ஈடு, நல்ல கோழியாக இருந்தால் நான்கு. முட்டையை அன்றன்றைக்கு எடுத்து, அடையைத் தெளிய வைத்துவிட்டால் அதே கோழி இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப முட்டையிடத் தொடங்கும். ஆக, கோழியின் அடைக்காலத்தையும் தாய்க்காலத்தையும் மிச்சப்படுத்தி முட்டைக்காலமாக மாற்றித் தருவதுதான் இன்குபேட்டர் செய்யும் வேலை. இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் இந்தக் கணக்கைச் சொல்லி மெஷின் விற்பவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடைக்காலத்தை மெஷின் ஏற்றுக்கொள்கிறது, சரி. தாய்க்காலத்தை யார் ஏற்றுக்கொள்வது? சூடு தருவது, மேயக் கற்றுக்கொடுப்பது, காகம் வட்டமிட்டால் குரல் கொடுத்து இறக்கைக்குள் இழுத்துக்கொள்வது, மழைக்கு ஒதுங்குவது என்று தாய்க்கோழி கூலியில்லாமல் செய்த வேலை எல்லாம், பெட்டியைத் திறந்த அன்றே உங்கள் தலையில் வந்து விழுகிறது.

இந்த இடத்தில்தான் சேதம் என்பது அரசுக்கே தெரியும். நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தைப் பாருங்கள். 250 கோழி கொண்ட அலகுக்குக் கொட்டகை, தீவனத்தட்டு, தண்ணீர்த்தட்டு, நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றின் செலவில் 50 சதவீதம் மானியம் தருகிறார்கள். குஞ்சுகள் ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து இலவசமாக வருகின்றன. எந்த வயதுக் குஞ்சு? ஒரு நாள் குஞ்சு அல்ல, நான்கு வாரம் வளர்ந்த குஞ்சு. ஒரு நாள் குஞ்சைக் கொடுத்தால் அரசுக்குச் செலவு குறையும். அப்படியும் நான்கு வாரம் தன் பண்ணையிலேயே வளர்த்துத் தருகிறது என்றால், வீட்டுக்குப் போன குஞ்சு முதல் மாதத்தைத் தாண்டுவதுதான் கடினம் என்பது அனுபவத்தில் கண்டதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 100 முட்டை வைத்து 75 பொரித்தாலும், பத்துக்கு நான்குதான் எட்டு வாரம் தாண்டுகிறது என்றால் கையில் மிஞ்சுவது 30. அதே 100 முட்டையில் 60 மட்டும் பொரித்து, பத்துக்கு எட்டு பிழைத்தால் 48. ஆனால் கூடுதல் பணம் போட்டு நல்ல மெஷின் வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறோம், குஞ்சுக்கொட்டிலைப் பற்றிப் பேசுவதில்லை.

குஞ்சு சாவதில் பெரும்பங்கு வெள்ளைக்கழிச்சலுக்கு. ராணிக்கெட் என்று புத்தகத்தில் சொல்லும் அதே நோய்தான். வந்தால் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பதுதான் வழி. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் ஓர் ஊசி என்பது அடிப்படை அட்டவணை. இதற்கு நடுவில் போட வேண்டியவற்றைக் கால்நடை மருத்துவர் சொல்வார். மருந்து விலை பெரிய தொகை இல்லை. பிறகு ஏன் வீடுகளில் போடுவதில்லை? பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல. தடுப்பு மருந்துக் குப்பி வருவதே நூறு, இருநூறு குஞ்சுக்கான அளவில்தான். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று வைக்க முடியாது. ஒரு வீட்டில் அடைக்கோழி பொரித்த பன்னிரண்டு குஞ்சு, அடுத்த வீட்டில் பத்து நாள் கழித்துப் பொரித்த ஒன்பது, எதிர்வீட்டில் இனிமேல் பொரிக்கப்போகும் பதினைந்து என்றால், யாருக்காகக் குப்பியைத் திறப்பது? இதனால்தான் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் பெரிய கோழிகளுக்குப் போடுவதோடு நம் தடுப்பூசிக் கணக்கு முடிந்துவிடுகிறது. சித்திரையில் பிறந்த குஞ்சுக்கு அந்த முகாமால் பயனில்லை.

இன்குபேட்டரின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அதைக் கொண்டு எட்டு வீட்டு முட்டையை ஒரே நாளில் வைத்து ஒரே நாளில் பொரிக்க வைக்கலாம். நூறு குஞ்சுக்கும் ஒரே பிறந்தநாள் என்றால் ஏழாம் நாள் எல்லாவற்றுக்கும் ஒரே குப்பி. தீவனம் ஒரே வகை. விற்பனைக்கு ஒரே எடையில் ஒரு வண்டி கோழி. ஆளுக்கொரு பெட்டி வாங்கி, அவரவர் முட்டை சேர்ந்த நாளில் அவரவர் வைத்தால் இந்தப் பலன் முழுக்கப் போய்விடும். அடைக்கோழி காலத்தில் இருந்த அதே சிதறல், இப்போது கரண்ட் செலவோடு நடக்கும்.

பொதுப் பொரிப்பகம் புதிய யோசனையும் அல்ல. எகிப்து நாட்டில் மண்கல்லால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே தடவையில் பொரிக்க வைத்தார்கள். சாணம் எரித்த சூடு, தெர்மாமீட்டர் இல்லை. முட்டையைக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூட்டைக் கணித்த கைதேர்ந்த தொழிலாளிகள் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் முட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்று முட்டைக்கு இரண்டு குஞ்சு என்ற கணக்கில் திருப்பிக் கொடுப்பது வழக்கம் என்று பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பொரிந்தது அடுப்புக்காரரின் கூலி. இந்த ஏற்பாட்டில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். கவனமாகப் பொரித்தால் அவருக்கு லாபம், கெடுத்தால் அவருக்கே நட்டம். உங்கள் குழுவில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் மாதச் சம்பளம் பேசுவதைவிட இந்த வழி பொருத்தமாக இருக்கும்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் எனக்குத் தெரியும்: பொதுவில் வைத்தால் யார் முட்டை பொரித்தது, யார் முட்டை கூமுட்டை ஆனது என்று சண்டை வரும். வரத்தான் செய்யும். ஆனால் இதைத் தீர்க்க ஒரு பென்சிலும் கொஞ்சம் கொசுவலையும் போதும். வைக்கும்போதே முட்டை ஓட்டில் வீட்டு எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஓட்டுத்துளை வழியே இறங்கும், வேண்டாம். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்திப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றும்போது, ஒவ்வொரு வீட்டு முட்டையையும் கொசுவலை தைத்த தனித்தனித் தடுப்பில் வைத்துவிட்டால், எந்தக் குஞ்சு எந்த வீட்டுக்கு என்பதில் பேச்சுக்கே இடமில்லை. ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கம் பிடித்துப் பார்ப்பதைக் குழு கூடியிருக்கும்போது செய்யுங்கள். சிலந்தி வலை போல ரத்தக் குழாய் தெரிந்தால் கரு வளர்கிறது. வெறும் வெளிச்சம் மட்டும் தெரிந்தால் சேவல் சேராத முட்டை, அதை அன்றே எடுத்துவிட வேண்டும். யார் வீட்டில் பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல்கூட இல்லை என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும், மெஷின் மேல் பழி விழாது. வெளியில் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்யக் கூடாது என்பதை நம் மாவட்டத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் குன்னத்தில் மண் எடுத்த இடத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று சொல்லி ஊரே திரண்டது. அவை அம்மோனைட் என்ற பழைய கடலுயிரியைச் சுற்றிப் படிந்த பாறை என்று நிலவியல் அறிஞர்கள் சொன்னார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. பல வீட்டு முட்டையை ஒரே பெட்டியில் வைத்தால் ஒரு வீட்டு நோய் எல்லா வீட்டுக்கும் பரவாதா? பரவும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருகின்றன. பொரிக்கும்போது பறக்கும் தூவல் பொடி வழியாகப் பக்கத்துக் குஞ்சுக்கும் தொற்றுகின்றன. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பதில் பெட்டியைப் பிரிப்பதில் இல்லை, நுழைவாயிலில் காவல் வைப்பதில்தான் இருக்கிறது. தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டைக்கு மட்டும் இடம் என்று தீர்மானம் போடுங்கள். எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவிக் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள், ஈரம் பட்டால் அழுக்கு ஓட்டுக்குள்ளேதான் போகும். ஒவ்வொரு பொரிப்புக்குப் பிறகும் பெட்டியைச் சோப்புத் தண்ணீரிலும், பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலிலும் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். குழுவுக்கு ஒரு பெட்டி என்றால் இதைச் செய்ய ஒருவர் பொறுப்பு. ஆளுக்கொன்று என்றால் எத்தனை பேர் செய்வார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். இங்கு ஒரு நன்மையும் உண்டு: முட்டைக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே ஊரில் தடுப்பூசி போடுவது கூடும்.

நாள் பார்த்து ஓட்டுங்கள் என்றேன். ஜோசியம் இல்லை, வெயிலும் சந்தையும்தான் காரணம். இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கரு கேட்பது 37.5 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் பெரம்பலூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள அறை அதைத் தாண்டிவிடும், அப்போது கன்ட்ரோலர் பல்பை அணைப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியாது. சூடு சில டிகிரி குறைந்தால் கரு சில மணி நேரம் தாங்கும், கூடினால் தாங்காது. கரண்ட் போய்விடுமே என்று பயப்படும் அளவுக்கு நாம் கூரையைப் பற்றிப் பயப்படுவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்துவது முன்கூட்டியே அறிவித்து நடக்கிறது. அன்றைக்குப் பெட்டியைத் திறக்காமல் மேலே கனத்த போர்வை போர்த்தினாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். கோடையில் முட்டை சேர்ப்பதிலும் சிக்கல் உண்டு. அடைக்கு வைக்கும் முன்பே அறைச்சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு செத்துப்போகும். ஈரமணல் மேல் வைத்த மண்பானையில் சேர்த்தாலும் ஏழு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் மெஷினைத் துடைத்து மூடிவைப்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பொரிக்க வேண்டாம், அது குஞ்சுக்கு ஆகாத காலம். கொள்ளிடக்கரையில் திருமானூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிச்சமுள்ள மாதங்களைச் சந்தையோடு பொருத்திப் பாருங்கள். நாட்டுக்கோழி விற்பனை எடைக்கு வர நான்கு, ஐந்து மாதம் ஆகும். தை கடைசியில் முட்டை வைத்தால் மாசியில் குஞ்சு, ஆடி மாதக் கோயில் பூசைகளுக்குக் கோழி தயார். ஆடி நடுவில் வைத்தால் ஆவணியில் குஞ்சு, மாட்டுப் பொங்கலுக்கு விற்கலாம். புரட்டாசியில் கறி தின்பவர் குறைவு, கார்த்திகையில் மாலை போட்டவர்கள் அதிகம். அந்த மாதங்களில் விற்கும் எடைக்கு வரும்படி பொரிக்க வைப்பது வியாபாரம் ஆகாது. வருடத்துக்கு இரண்டு பெரிய பொரிப்பு, வசதிப்பட்டால் இடையில் ஒன்று. இவ்வளவுக்காக வீட்டுக்கு வீடு பெட்டி எதற்கு?

மெஷின் ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, விற்பவரே சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லாமல் விடக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். மலிவுக் கன்ட்ரோலர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபாருங்கள், ஃபேன் உள்ள பெட்டியில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். கடைசி மூன்று நாள் தண்ணீர்த்தட்டை நிரப்பி ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் வைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் இருப்பது, ஆசை அடக்கத் தெரிந்தவர்களால் மட்டும் முடியும். மின்கட்டணத்தைப் பற்றிய கவலையும் தேவையில்லை. 100 வாட் சூடேற்றி பாதி நேரம் எரிந்தால் 21 நாளுக்கு ஏறக்குறைய 25 யூனிட்; வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருக்கிறது.

குஞ்சு வளர்ப்புக்கு வருகிறேன், பணத்தை இங்கே போடுங்கள். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்று பல்பு போட்டால் போதும். தடுப்பு வட்டமாக இருக்க வேண்டும். மூலை இருந்தால் குளிருக்குக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். இதிலும் பாதிப் பாரத்தைக் கோழியிடமே கொடுக்க ஒரு வழி இருக்கிறது. மெஷினில் முட்டை வைக்கும் அன்றே அடையில் இருக்கும் மூன்று நான்கு சிறுவிடைக் கோழிக்கும் சில முட்டை வைத்துவிடுங்கள். பொரித்த அன்று இரவு, மெஷின் குஞ்சுகளில் சிலவற்றை அவற்றின் இறக்கைக்கு அடியில் விட்டால், இருட்டில் பெரும்பாலான கோழிகள் தம் குஞ்சாகவே சேர்த்துக்கொள்ளும். ஆளுக்குப் பதினைந்து வரை தாங்கும். பகலில் பஞ்சாரம், இரவில் கூடு என்று முதல் இரண்டு வாரம் வைத்துக்கொண்டால் காகமும் கீரியும் பெரிய பிரச்சினை இல்லை.

தீவனத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு மயக்கம் இருக்கிறது. மக்காச்சோளம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. அதனால் உடைத்த சோளத்தைப் போட்டுவிட்டுக் குஞ்சுக்குச் சாப்பாடு ஆயிற்று என்று நினைக்கிறோம். சோளத்தில் புரதம் 9 சதவீதம் அளவுதான், முதல் வாரங்களில் குஞ்சுக்குத் தேவை 20. சோளம் மட்டும் தின்ற குஞ்சு வளராது, ஒன்றையொன்று இறகு கொத்தும். பூஞ்சை பிடிக்காத கடலைப் புண்ணாக்கு சேருங்கள், முதல் மாதம் கடைத்தீவனம் கொடுத்தாலும் நட்டமில்லை. கரையான் வளர்க்கும் பழைய முறை இன்னும் பலருக்குத் தெரியும்: பானையில் ஈரச்சாணம், கிழிந்த சாக்கு, காய்ந்த இலை நிரப்பிப் புற்றுள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை குஞ்சுகளுக்குக் காசில்லாத புரதம் தயார்.

இவ்வளவு பாடு எதற்கு, பேசாமல் அடைக்கோழியே போதுமே என்று பெரியவர்கள் கேட்பார்கள். நான்கு குஞ்சு வீட்டுக்கறிக்கு என்றால் போதும்தான். விற்பனைக்கு ஒரே வயதில் நூறு கோழி வேண்டும் என்றால் போதாது. ஆனால் அவர்கள் கேள்வியில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வெள்ளை லெகார்ன் கோழிக்கு அடைக்கு உட்காரும் குணமே இல்லாமல் போனதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக அந்தக் குணம் இல்லாதவற்றையே தேர்ந்தெடுத்து முட்டைக்கு வளர்த்ததுதான். நாமும் எல்லா முட்டையையும் மெஷினில் போட்டு, அதிக முட்டையிட்ட கோழியை மட்டும் வைத்துக்கொண்டால், நல்ல தாய்க்கோழி என்பதே சில வருடத்தில் ஊரில் அரிதாகிவிடும். தாய்க்குணம் உள்ள சிறுவிடைகளை விற்காமல் அடைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, வாங்கும் இடம். மெஷினையும் முட்டையையும் விற்றுவிட்டு, வளர்ந்த கோழியை நாங்களே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் நீட்டுகிறவர்களைத் தள்ளிவையுங்கள். பெருந்துறையில் 2012இல் ஈமு நிறுவனங்கள் எப்படிச் சரிந்தன என்பதை நம் மாவட்டத்திலும் பணம் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். பயிற்சிக்கு வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, அரியலூர்ப் பக்கத்தில் சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே போகும்போது எந்த மெஷின் நல்லது என்று மட்டும் கேட்டுத் திரும்பி வராமல், கண்சொட்டு மருந்து போடக் கையில் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். குழுவுக்கு இரண்டு பேராவது அதைக் கற்றிருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன், தீர்மானப் புத்தகத்தில் மூன்று விவரங்களை எழுதிவிடுங்கள்: முட்டை வைக்கும் தேதி, குஞ்சுகள் இருக்கப்போகும் கொட்டில் யார் வீட்டில், ஏழாம் நாள் மருந்துக் குப்பியை ஐஸில் கொண்டுவரப் போவது யார். மூன்றுக்கும் பெயரும் தேதியும் எழுத முடியவில்லை என்றால், இந்த வருடம் மெஷின் வாங்க வேண்டாம்.